தோட்டப்புற நகரிலிருந்து புதிய சிந்தசைசர் வாங்குவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இருப்பவர் புதிய சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் நாதங்களை உருவாக்கும் இசைக்கருவி, வாங்க நினைத்தால், முன்பெல்லாம் அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பேருந்து ஏறி, இசைக்கருவிக் கடையில் நின்று வாசித்துப் பார்த்து, விலை பேசி, பெட்டியோடு வீடு திரும்புவார். இன்று அத்தகைய கடைகள் பலவற்றில் பியானோக்களும் பிள்ளைகள் பழகும் கீபோர்டுகளும் கித்தார்களும்தான் இடத்தைப் பிடித்திருக்கின்றன. சிந்தசைசர் கேட்டால் முன்பணம் கட்டச் சொல்லி, பிறகு வரவழைத்துத் தருகிறார்கள். மறுபுறம், கைப்பேசியைத் திறந்தால் ஷோப்பி, லசாடா ஆகிய இணையச் சந்தைகளில் கடைக்காரர் கண்டிராத மாடல்கள்கூட வரிசையாக வருகின்றன. வாசித்துப் பார்ப்பது, பணம் கொடுப்பது, பழுதானால் கொண்டுபோய்க் காட்டுவது ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடந்த காலம் போய்விட்டதால், இம்மூன்றையும் வாங்குபவரே தனித்தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சரியான வரிசையில் செய்தால், தோட்டப்புறத்தில் இருப்பது ஒரு குறையே அன்று.

உலகச் சந்தையும் இப்படித்தான் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1924இல் தொடங்கிய சாம் ஆஷ் நிறுவனம் 2024இல் தன் கடைகள் அனைத்தையும் மூடியது. ஜெர்மனியில் டிரெப்பன்டார்ஃப் என்ற சிற்றூரில் 1954இல் தொடங்கிய தோமன் கடையோ, அதே சிற்றூரிலிருந்தபடி அஞ்சலிலும் இணையத்திலும் விற்று, உலகறிந்த வணிகமாக வளர்ந்தது. தயாரிப்பாளர்களின் நிலையும் முன்போல் இல்லை. சிந்தசைசர் என்றாலே நினைவுக்கு வரும் மோக் நிறுவனம் 2023இல் இன்மியூசிக் குழுமத்தின் கைக்குப் போனது. பெரிங்கர் நிறுவனம் மோக்கின் பழைய மினிமோக் கருவியைப் பின்பற்றிச் செய்த சிறிய பெட்டியைச் சில நூறு டாலருக்கு விற்கத் தொடங்கியபின், மலிவு என்பதன் பொருளே மாறியது. நம்மைப் போன்றவர்களுக்கு இதனால் தேர்வு பெருகியிருக்கிறது. ஆனால், தேர்வு பெருகும்போது தவறான பொருளை வாங்கும் வாய்ப்பும் பெருகுகிறது.

ஆகவே, விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் கருவிக்கு என்ன வேலை என்பதை முடிவு செய்யுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலோருக்கு அது கல்யாண மண்டபத்து இசைக்குழு, கோயில் பஜனை, தேவாலயப் பாடல் குழு, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த வேலைக்கு 61 கட்டைகளாவது வேண்டும்; இடக்கைக்கு ஒரு நாதமும் வலக்கைக்கு வேறொரு நாதமுமாகப் பிரித்து வைக்கும் வசதி வேண்டும்; தவில், உறுமி, நாதஸ்வரம் போன்ற ஒலிகளை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் மிக நல்லது. சுருதி மாற்றும் பொத்தான் முன்பலகையிலேயே, கை எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவர் முடித்ததும் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பாடகி மேடையேறினால், வாசிப்பவர் சி சுருதியிலிருந்து ஜி ஷார்ப்புக்கு உடனே மாறியாக வேண்டும். அந்த நேரத்தில் திரையில் மூன்று பக்கம் தள்ளித் தேடிக்கொண்டிருக்க முடியாது. கமகம் வாசிப்பவர்கள் சுரத்தை வளைக்கும் சக்கரத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் இரண்டு அரைச்சுர அளவு வளையும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா, சக்கரத்தை விட்டதும் அது நடுவுக்குச் சரியாகத் திரும்புகிறதா என்பவை விளம்பரத்தில் வராத, ஆனால் நம் இசைக்கு இன்றியமையாத செய்திகள்.

இணையத்தில் அதிகம் பேசப்படும் சிறிய சிந்தசைசர்கள் இந்த வேலைக்குப் பொருந்தா. கோர்க் நிறுவனம் 2013இல் தொடங்கிய வோல்கா வரிசையும், ஆர்டூரியா நிறுவனம் 2019இல் கொண்டுவந்த மைக்ரோஃப்ரீக்கும் அருமையான கருவிகளே. வீட்டில் உட்கார்ந்து புது நாதங்களை உருவாக்கிப் பதிவு செய்பவருக்கு அவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், மைக்ரோஃப்ரீக்கில் இருப்பவை கீழே அழுந்தாத, தொட்டாலே ஒலிக்கும் 25 கட்டைகள். மேளதாளத்துக்கு நடுவே முழுப் பாட்டையும் அதில் வாசிக்க முயல்பவர் ஏமாந்துதான் போவார்.

மாடல் முடிவானதும், விலையைவிட முக்கியமான கேள்விக்கு விடை காணுங்கள்: இது பழுதானால் மலேசியாவில் யார் பொறுப்பு? ஒரே மாடலை இரண்டு விற்பனையாளர்கள் நானூறு ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசத்தில் விற்றால், மலிவாகத் தருபவர் அதை வெளிநாட்டுச் சந்தையிலிருந்து தாமே இறக்கியவராக இருக்கக்கூடும். அப்படி வந்த கருவிக்கு உள்ளூர் முகவரின் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். உத்தரவாதம் விற்பனையாளருடையதா, தயாரிப்பு நிறுவனத்தின் மலேசிய முகவருடையதா, எத்தனை மாதம், பழுது பார்க்கும் இடம் எது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மழுப்பலாகப் பதில் சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

மின்னழுத்தம் இதைவிடக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய ஒன்று. ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்யப்பட்ட சில கருவிகள் 100 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. நம் வீட்டு மின்சாரம் 230-240 வோல்ட். மின்கம்பி நேரடியாகக் கருவிக்குள் செல்லும் மாடலானால், அதன் பின்புறத்தில் மின்துளைக்கு அருகே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தனி அடாப்டர் உள்ளதாக இருந்தால், அதன்மேல் 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மூன்று முனைச் செருகியை மட்டும் மாற்றிப் பொருத்தினால் கருவி எரிந்துபோகும்.

விலையைப் பொறுத்தவரை, அவசரம் இல்லாதவருக்கே நல்ல விலை கிடைக்கும். ஒரு மாடலுக்கு அடுத்த பதிப்பு அறிவிக்கப்பட்டதும், கையிருப்பில் உள்ள பழையது இறங்கத் தொடங்கும். அமெரிக்காவின் அனாஹைம் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 'நேம்' இசைக்கருவிக் கண்காட்சியையொட்டி இத்தகைய அறிவிப்புகள் அதிகம் வரும். எங்கள் இசைக்குழு வேலைக்கு முந்தைய பதிப்பே போதும் என்பது என் உறுதியான கருத்து. அதே நேரத்தில், இறங்கும் என்று நம்பி அளவுக்கு மீறிக் காத்திருப்பதும் கூடாது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் ஏகேஎம் சில்லு ஆலை தீப்பிடித்தபோது, டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒலிக்கருவித் தயாரிப்பாளர்கள் பலர் தடுமாறினார்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இணையம் வழியாக வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டதைச் சுங்கத்துறை தனியே கணக்குப் பார்க்கும்.

பணம் கட்டுமுன் ஒருமுறையாவது அந்த மாடலைத் தொட்டு வாசித்துவிடுங்கள். கடையில் இல்லையென்றால், வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் அண்ணன்மாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஒலிச் சோதனை நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். ஈப்போக் கடையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, சொற்ப வித்தியாசத்துக்காக இணையத்தில் வாங்குவது முறையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடையும் இல்லாமற்போனால் அடுத்தவர் எங்கே வாசித்துப் பார்ப்பார்?

பெட்டி வந்து சேர்ந்ததும், ஒட்டுநாடாவை அறுப்பதிலிருந்து கருவி ஒலிப்பது வரை நிறுத்தாமல் காணொளி எடுங்கள். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கருவியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒவ்வொரு கட்டையையும் முதலில் மெதுவாகவும் அடுத்து அழுத்தமாகவும் வாசியுங்கள். பெரும்பாலான கருவிகளில் கட்டையின்கீழ் ரப்பரில் பதித்த இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முதலாவது தொட்டு இரண்டாவது தொடும் இடைவெளியை வைத்தே கருவி அழுத்தத்தை அறிகிறது. அங்கே தூசியோ கோளாறோ இருந்தால், மெதுவாகத் தொட்டாலும் அந்த ஒரு சுரம் மட்டும் கத்தும், அல்லது ஊமையாக இருக்கும். எல்லாம் சரியான பிறகே, பொருள் பெற்றதாகத் தளத்தில் உறுதி செய்யுங்கள். உறுதி செய்துவிட்டால் பணம் விற்பனையாளரிடம் போய்விடும்.

விற்பனையாளர் மலேசியாவில் பதிவு பெற்றவராக இருந்து, கோளாறுக்குப் பொறுப்பேற்க மறுத்தால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இரசீது, உரையாடலின் படங்கள், காணொளி மூன்றும் அங்கே உங்களுக்குத் துணை நிற்கும். பஜனைக் குழு உறுப்பினர்கள் பணம் சேர்த்து வாங்குவதாக இருந்தால், இரசீது யார் பெயரில் எழுதப்பட வேண்டும், உத்தரவாத அட்டை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கூட்டத்தில் பேசி எழுதி வைத்துவிடுங்கள்.