ஏசி சத்தம் போடுகிறதா? முதலில் காதைக் கொடுங்கள்

புதிதாக ஒரு சத்தம் கேட்டதும் மெக்கானிக்கைக் கூப்பிட ஓடாதீர்கள். உள் யூனிட்டா வெளி யூனிட்டா, எப்போது வருகிறது என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். போட்டதும் அணைத்ததும் டிக் டிக் என்றால் பிளாஸ்டிக் மூடி விரிந்து சுருங்குகிறது, விட்டுவிடலாம்.

கடகடவென்று அடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளி யூனிட்டைப் பாருங்கள். கிரில்லுக்குள் குச்சி சிக்கியிருக்கும், இல்லை ஸ்குரூ தளர்ந்திருக்கும். என் வீட்டில் ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது சுவரில் உரசிய செப்புக் குழாய்தான். இடையில் ஒரு ரப்பர் துண்டைச் செருகியதும் கப்சிப்.

கீச்சென்றால் ஃபேன் மோட்டார் பேரிங் தேய்ந்திருக்கலாம். உஸ்ஸென்ற சத்தம் விடாமல் வந்து, குளிர்ச்சியும் குறைந்து, குழாயில் பனி படிந்தால் ஏசிக்குள் குளிரூட்டும் கேஸ் கசிவதுதான் என் முதல் சந்தேகம், அதில் நாமே கை வைக்கக் கூடாது. வெளி யூனிட் முனகுகிறது, ஆனால் ஃபேன் சுற்றவில்லையா? பெரும்பாலும் கெபாசிட்டர், அதாவது மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் பாகம், கெட்டிருக்கும்; அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், திறக்காதீர்கள்.

அப்புறம், ஹீட்டிங் மோடில் அவ்வப்போது புஸ்ஸென்று ஆவி வந்தால் பயம் வேண்டாம், வெளி யூனிட் தன் மேல் படிந்த பனியை உருக்குகிறது. வீட்டில் எரிவாயு ஹீட்டரும் இருந்து, அது பற்றும்போது டமாரென்றால் மட்டும் உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.