கடல் மாதிரியாக்கத்தில் பிஎச்.டி.: கடிதம் எழுதும் முன் ஒரு வரைபடம் போடுங்கள்

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, காலநிலை அறிவியலிலோ கடல் மாதிரியாக்கத்திலோ (கடலின் போக்கைக் கணினியில் கணித்துப் பார்ப்பது) பிஎச்.டி. இடம் தேடும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் தேடிய காலத்தில், பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை இருபது பேராசிரியர்களுக்கு மேல் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. "கடல் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்று எழுதியிருந்தேன், அதற்குச் சாட்சியாக ஒன்றும் காட்டவில்லை. அடுத்த கடிதத்தோடு நானே போட்ட ஒரு வரைபடத்தை இணைத்தேன். இரண்டே நாளில் பதில் வந்தது.

முதலில் தேர்வு. ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. பொறியியல் முதுகலைச் சேர்க்கைத் தேர்வான கேட் (GATE) எழுதுவதானால் பொறியியல் அறிவியல் தாளில் வளிமண்டல, கடல் அறிவியல் பிரிவை எடுக்கலாம். கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். நெட் வழியாக ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய்.

அடுத்து இடம். சென்னையிலேயே ஐஐடியின் கடல் பொறியியல் துறை, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடி. வெளியூர் போகத் தயார் என்றால் ஹைதராபாத்தில் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், பெங்களூரு ஐஐஎஸ்சி. ஆய்வு நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால், பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது வரைபடம். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுத் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, ஈஆர்ஏ5 (ERA5, உலகம் முழுவதற்குமான பழைய வானிலைத் தரவுத் தொகுப்பு) மாதச் சராசரித் தரவில் கடல் மேற்பரப்பு வெப்பநிலையை 1991 முதல் 2020 வரை இறக்குங்கள். உரிமத்தை ஏற்பதாக டிக் போடாவிட்டால் இறங்காது. நல்ல லேப்டாப் இல்லையென்று தயங்க வேண்டாம், உலாவியிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாப் போதும். பைத்தானில் இத்தகைய தரவைக் கையாளும் எக்ஸ்அரே (xarray) நூலகத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எக்செல் வேண்டவே வேண்டாம்.

நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். வங்கக் கடலின் ஒரு துண்டை வெட்ட அட்சரேகை "10 முதல் 15" என்று கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, படம் மட்டும் வெறுமையாக வந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை மறுபடி இறக்கினேன். உண்மையில் ஈஆர்ஏ5 கோப்பில் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. அதனால் "15 முதல் 10" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15 கழித்துவிடுங்கள்.

ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத்தின் சராசரியையும் வரைந்தால், சித்திரை வெயிலில் ஏறி மார்கழி, தையில் இறங்கும் கோடு கண்ணெதிரே வரும். மெரினாவில் நின்று பார்த்த அதே கடல்! அந்தக் கோட்டின் வடிவம் ஏன் அப்படி என்று ஒரு கேள்வி கேளுங்கள். நம் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பி, கங்கை, பிரம்மபுத்திராவின் நன்னீரைக் கொண்டுவரும். வெப்பநிலையில் இதன் பங்கு எவ்வளவு? கடிதத்தில் இந்தக் கேள்வி, படம், பேராசிரியரின் கட்டுரை ஒன்றில் நீங்கள் படித்த ஒரு விஷயம், இவை மூன்றும் இருந்தால் போதும். பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் கணினி மாதிரி, அதாவது கடலைக் கணிக்கும் மென்பொருள். அதில் ராம்ஸை (ROMS) முதலில் தொடாதீர்கள். தரவுக் கோப்புகளைப் படிக்கும் நெட்சிடிஎஃப் நூலகங்களோடு அதைக் கம்பைல் செய்வதிலேயே உற்சாகம் வடிந்துவிடும். இன்னொரு மாதிரியான எம்ஐடிஜிசிஎம்மின் (MITgcm) முதல் பயிற்சியான கடல் சுழல் எடுத்துக்காட்டை ஓட்டுங்கள். ஒரு முறை ஓடிவிட்டால் நேர்முகத்தில் பேச விஷயம் கிடைத்துவிடும்.

வெளிநாடு என்றால் ஜெர்மனி, நார்வேயில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலைதான். ஹாம்பர்கில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் புவி அமைப்பு மாதிரியாக்கப் பள்ளியைக் கட்டாயம் பாருங்கள்.

பின்சேர்க்கை: சென்னையின் ஆயத்தொலைவைக் கொடுத்ததும் எண்ணே வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். 13.08, 80.27 கரையோரக் கட்டத்தில் விழுவதால் நிலமாகக் கணக்காகி வெற்று மதிப்பு வரலாம். 13, 81 என்று கொடுங்கள், கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே போய்விடும். "டைம்" என்ற மாறி இல்லை என்று பிழை வந்தால், புதிய கோப்புகளில் அது "வேலிட் டைம்" (valid_time) என்று மாறியிருக்கிறது.