ஆக்டிவ் டைரக்டரி மூலம் வெப் அப்ளிகேஷன் லாகின்: எல்டாப் இணைப்பில் கவனிக்க வேண்டியவை

ஊழியர்களின் பாஸ்வேர்டை உங்கள் டேட்டாபேஸில் வைக்கவே வேண்டாம். ஊழியர் டைப் செய்ததை, நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியிடம் கொடுத்து, சரியா என்று கேட்டால் போதும். இதுதான் எல்டாப் (டைரக்டரியோடு பேசும் நெறிமுறை) வழியாகச் செய்யும் பைண்ட், அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைவது. வேலை சின்னதுதான்; ஆனால் டைரக்டரி தரும் 'சரி'யை எப்போது நம்பலாம் என்பதில்தான் பல அப்ளிகேஷன்கள் கோட்டை விடுகின்றன.

முதலில் இணைப்பு. 636 போர்ட்டில் டிஎல்எஸ்ஸோடு (மறையாக்கத்தோடு) இணையுங்கள். அல்லது 389-இல் தொடங்கி, பைண்டுக்கு முன்பே ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டளை கொடுத்து மறையாக்கத்துக்கு மாறுங்கள். வெறும் 389-இல் சிம்பிள் பைண்ட் செய்தால் பாஸ்வேர்டு மறைப்பே இல்லாமல் நெட்வொர்க்கில் போகும். முகவரியாக ஐபி எண் வேண்டாம், டைரக்டரி சர்வரின் டிஎல்எஸ் சான்றிதழில் இருக்கும் ஹோஸ்ட்நேமையே கொடுங்கள். நிறுவனத்தின் ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) அப்ளிகேஷன் ஓடும் சர்வரில் சேர்த்துவிடுங்கள். அவசரத்துக்குச் சான்றிதழ் சரிபார்ப்பை அணைப்பது, இடையில் ஒட்டுக்கேட்பவனிடம் எல்லாப் பாஸ்வேர்டையும் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

அடுத்து லாகின். படிக்க மட்டும் உரிமையுள்ள சர்வீஸ் அக்கவுண்டால் (அப்ளிகேஷனுக்கென உள்ள கணக்கு) பைண்ட் செய்து, லாகின் பெயரைத் தேடி, அந்த ஊழியரின் டிஎன்னை (டைரக்டரியில் அவரைக் குறிக்கும் முழுப் பெயர்) எடுங்கள். சரியாக ஒரு என்ட்ரி வந்தால் மட்டும் மேலே போகலாம். பிறகு அந்த டிஎன்னையும் பாஸ்வேர்டையும் வைத்துத் தனி இணைப்பில் பைண்ட் செய்யுங்கள். தேடிய இணைப்பிலேயே செய்தால் அதன் அடையாளம் ஊழியருடையதாக மாறிவிடும். அது பூலுக்கு (மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) திரும்பினால் அடுத்தவரின் தேடல் இவருடைய உரிமையில் ஓடும்.

மிக ஆபத்தான இடம் காலிப் பாஸ்வேர்டு. டிஎன் கொடுத்து பாஸ்வேர்டைக் காலியாக விட்டால், எல்டாப் விதிப்படி அது அடையாளம் சரிபார்க்காத பைண்ட். ஆக்டிவ் டைரக்டரி வழக்கமான அமைப்பில் அதற்கும் வெற்றி என்றே பதில் தரும். அதை நம்பும் அப்ளிகேஷன், யார் பெயரைப் போட்டாலும் உள்ளே விட்டுவிடும்! ஆகவே பாஸ்வேர்டு காலி என்றால் டைரக்டரியிடம் போகும் முன்பே மறுத்துவிடுங்கள். லாகின் பெயரில் வரும் அடைப்புக்குறி, நட்சத்திரக்குறி, பின்சாய்கோடு ஆகியவற்றையும் லைப்ரரியின் எஸ்கேப் ஃபங்ஷன் (சிறப்புக் குறிகளைச் சாதாரண எழுத்தாக்குவது) வழியாகவே தேடல் நிபந்தனையான ஃபில்டரில் சேர்க்க வேண்டும்.

பைண்ட் தோற்றால் பிழை எண் 49 வரும். காரணம் அதன் கூடவே வரும் டேட்டா எண்ணில் இருக்கிறது: 532 என்றால் பாஸ்வேர்டு காலாவதி, 533 அக்கவுண்ட் முடக்கப்பட்டது, 773 பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும், 775 லாக் ஆகிவிட்டது. இவை சர்வரின் பதிவுக் கோப்பில் மட்டும் இருக்கட்டும். திரையில் பொதுவான ஒரே பதில் போதும். பிழை 49 வந்ததும் அடுத்த டொமைன் கன்ட்ரோலரில் (டைரக்டரியை நடத்தும் சர்வர்) முயலாதீர்கள். ஒரே தவறு பலமுறை எண்ணப்பட்டு, ஊழியரின் அக்கவுண்ட் லாக் ஆகும். இணைப்பே கிடைக்காதபோது மட்டும் அடுத்ததற்குப் போகலாம்.

டொமைனின் உச்சியிலிருந்து தேடும்போது லாகின் நெடுநேரம் தொங்கினால், ரெஃபரலை ('வேறு சர்வரில் தேடு' என்ற குறிப்பை) பின்தொடர்வதை அணைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் அதுதான் காரணம்.

உங்கள் டேட்டாபேஸில் ஊழியரை மின்னஞ்சலாலோ லாகின் பெயராலோ அடையாளம் வைக்காதீர்கள், இரண்டுமே மாறக்கூடியவை. டைரக்டரி ஒவ்வொருவருக்கும் தரும் மாறாத எண்ணான ஆப்ஜெக்ட் ஜியுஐடியை வையுங்கள். குழு உரிமைக்கு, ஊழியர் நேரடியாக உள்ள குழுக்களைக் காட்டும் மெம்பர்-ஆஃப் பட்டியல் மட்டும் போதாது: குழுவுக்குள் இருக்கும் குழு அதில் தெரியாது. 1.2.840.113556.1.4.1941 என்ற விதியை ஃபில்டரில் சேர்த்தால் உள்ளடுக்கும் வரும்.

வேலையை விட்டவரின் அக்கவுண்டை முடக்கினாலும், அவருடைய பழைய செஷன் தானாக முடியாது. செஷன் உயிரோடு இருக்கும்வரை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் அக்கவுண்டால் அவருடைய நிலையைத் திரும்பப் பாருங்கள். யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் மதிப்பில் அக்கவுண்ட் முடக்கப்பட்டதைக் குறிக்கும், 2 என்ற மதிப்புள்ள பிட் இருந்தால் அப்போதே வெளியேற்றுங்கள்.