சர்வர் பூட் வரிசை: முதலில் டிஸ்க், அப்புறம் நெட்வொர்க்

புது சர்வரில் ஓஎஸ் ஏற்றுவதற்காக நெட்வொர்க் பூட்டை முதலிடத்தில் வைத்துவிட்டு, அதை அப்படியே மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர். இது ஆபத்து. அடுத்த ரீபூட்டில் தானியங்கி இன்ஸ்டாலர் மறுபடி ஓடி, டிஸ்க்கில் இருப்பதைத் துடைத்துவிடக்கூடும்.

டிஸ்க்கை முதலிலும் நெட்வொர்க்கை அடுத்தும் வையுங்கள். டிஸ்க் காலியாக இருந்தால் ஃபர்ம்வேர் (சர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) தானாகவே நெட்வொர்க்குக்குப் போய்விடும். மறுபடி ஓஎஸ் ஏற்ற வேண்டுமா? வரிசையில் கை வைக்காமல், பூட் மெனுவிலோ பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் தனி சிப்) வழியாகவோ அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் பிஎக்ஸ்இயை, அதாவது நெட்வொர்க் பூட்டை, தேர்ந்தெடுங்கள்.

ஃபர்ம்வேர் பூட் செய்வது புதிய யூஇஎஃப்ஐ முறையிலா, பழைய லெகசி (பயாஸ்) முறையிலா என்பதை ஓஎஸ் ஏற்றும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் மாற்றினால் பெரும்பாலும் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது. நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி குறிப்பிடும் பூட் ஃபைலும் அந்த முறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். லெகசிக்கான ஃபைலை யூஇஎஃப்ஐ சர்வர் இறக்கிக்கொள்ளும், ஆனால் ஓட்டாது. 2 டிபிக்கு மேற்பட்ட பூட் டிஸ்க் என்றால் யோசிக்கவே வேண்டாம், யூஇஎஃப்ஐதான்.

கேபிள் மாட்டிய போர்ட்டில் மட்டும் பிஎக்ஸ்இயை ஆன் செய்யுங்கள். மற்றவற்றையும் விட்டுவைத்தால் ஒவ்வொன்றாக முயன்று நேரம் வீணாகும்.

எல்லாம் சரியாக இருந்தும், லிங்க் விளக்கு எரிந்தும், ஐபி மட்டும் வரவில்லையா? சுவிட்ச்சைப் பாருங்கள். நெட்வொர்க்கில் லூப் உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பழைய முறையில் ஓடினால் போர்ட் திறக்கவே 30 விநாடி ஆகும். அதற்குள் பிஎக்ஸ்இ கைவிட்டுவிடலாம். சர்வர் இருக்கும் போர்ட்டில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டைப் போட்டுவிட்டால் உடனே ஐபி வந்துவிடும்.