முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு: போன் கேமராவை வைத்து வீட்டில் பயிற்சி

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் பயிற்சி சொல்லித் தருவது என் வேலை. தினமும் போக முடியாது. அதனால் இடைப்பட்ட நாட்களில், போன் கேமரா வழியாக அசைவைப் பார்த்து எண்ணிச் சொல்லும் ஆப்களைப் பயன்படுத்தச் சொல்கிறேன். போனைச் சரியாக வைத்தால் நல்ல துணை.

ஆப் இடுப்பு, முழங்கால், கணுக்காலைப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டு கோணத்தைக் கணக்கிடுகிறது. எனவே காலை மடக்கி நீட்டும்போது போன் பக்கவாட்டில், ஆபரேஷன் செய்த கால் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டூல் மேல், முழங்கால் உயரத்தில், ஆறேழு அடி தள்ளி வையுங்கள். தலை முதல் பாதம் வரை திரையில் தெரியட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் வேண்டாம், உருவம் கறுத்துவிடும்.

புடவையும் வேட்டியும் பெரிய தடை. மடிப்புக்குள் முழங்கால் எங்கே என்று ஆப் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். என்னிடம் வரும் ஒரு பாட்டி முன்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேரனின் பெர்முடாஸைப் போட்டுக்கொள்வார். கோணம் துல்லியமாக வருகிறது.

எண்ணைப் படிப்பதில் கவனம். நேரான காலை, பிசியோதெரபிஸ்டுகளான நாங்கள் 0 டிகிரி என்போம்; சில ஆப்களில் அது 180. அங்கே 110 என்று காட்டினால், எங்கள் கணக்கில் 70தான் மடங்கியிருக்கிறது. நாற்காலியில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழ, எங்கள் கணக்கில் 90க்கு மேல் மடங்க வேண்டும். மடக்குவதிலேயே குறியாக இருந்து நீட்டுவதை விட்டுவிடாதீர்கள். கால் முழுதாக நேராகாவிட்டால் நடை நொண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கவே கூடாது.

ஆப் கோட்டைவிடும் விஷயங்களும் உண்டு. காலை நாற்காலிக்கு அடியில் மடக்கும்போது, வலிக்குப் பயந்து அந்தப் பக்க இடுப்பைத் தூக்கிவிடுவார்கள். ஆப் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். படுத்துக்கொண்டு குதிகாலை இழுக்கும் பயிற்சியில் கேமரா தடுமாறும். அதற்கு ஆப்பை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், திரையையே குனிந்து பார்க்காதீர்கள். சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டுச் செய்யுங்கள்.

உங்கள் பிசியோவுக்குக் கோணத்தை அனுப்பும்போது, வலி பத்துக்கு எத்தனை, ராத்திரி வீக்கம் கூடியதா என்றும் எழுதுங்கள். அதை வைத்துத்தான் பயிற்சியைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க முடியும். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால், மூச்சு வாங்கினால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம்.