குரைக்கிற நாயை அதட்டலாமா? நாய் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்ப்பவர்களை அதிகம் கலங்க வைப்பது குரைப்புதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்று முழுக்க மனது சரியிருக்காது. அந்தக் கோபத்தில் நாயை அதட்டுகிறோம், செய்தித்தாளைச் சுருட்டி ஓங்குகிறோம். நாய் ஏன் குரைத்தது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. குரைப்போ, கடியோ, ஹாலில் சிறுநீர் கழிப்பதோ, எதுவானாலும் நாயின் பக்கம் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் திருத்தப் போனால் தொல்லை கூடத்தான் செய்யும்.

ஈசூனில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் ஷி சூ வகைச் சிறு நாய் ஒன்று இருக்கிறது. பகலெல்லாம் இரும்பு கேட்டின் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டிப் படுத்திருக்கும். பார்சல் கொண்டுவருபவரின் காலடி தாழ்வாரத்தில் கேட்டதும் தலை தூக்கும். ஆள் நெருங்கியதும் எழுந்து நின்று விடாமல் குரைக்கும். அவர் அடுத்த வீட்டு வாசலில் பார்சலை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அவர் எப்படியும் போகப்போகிறவர்தான், ஆனால் நாய்க்கு அது தெரியாதே. தான் குரைத்ததால் ஆள் போய்விட்டார் என்றுதான் அது எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்குப் பல முறை இப்படி ஜெயித்தால் குரைப்பு எப்படிக் குறையும்? அக்கா சமையலறையிலிருந்து "ஏய், சும்மா இரு!" என்று கத்துவதும் உதவவில்லை. வீட்டு ஆளும் சேர்ந்து சத்தம் போட்டால் பதற்றம் ஏறத்தான் செய்யும்.

கடைசியில் கேட்டின் கீழ்ப்பாதியை உட்பக்கமாக ஒரு பலகை வைத்து மறைத்தார்கள். படுக்கையை ஹாலின் உள்மூலைக்கு மாற்றினார்கள். அப்புறம் காலடி கேட்டதும், நாய் வாயைத் திறப்பதற்கு முன்பே, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழி கொடுத்தார்கள். நேரம்தான் இதில் முக்கியம். குரைத்து முடித்த பிறகு கொடுத்தால் குரைத்ததற்கே கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். இப்போது காலடி கேட்டால் அது முதலில் அக்காவைத்தான் திரும்பிப் பார்க்கிறது.

குரைப்பைவிட எனக்குக் கவலை தருவது உறுமலை அடக்குவது. தீபாவளிக்கு உறவினர்கள் கூடியிருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்கு அடியில் ஒதுங்கிப் படுத்திருக்கும் நாயை ஒரு குழந்தை கட்டிப்பிடிக்கப் போகிறது. நாய் முதலில் முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும், தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு விறைக்கும். இவ்வளவையும் யாரும் கவனிக்காதபோதுதான் உறுமுகிறது. அந்த இடத்தில் அடி விழுந்தால், உறுமினால் ஆபத்து என்று நாய் கற்றுக்கொள்ளும். குழந்தையின் மேலுள்ள பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை உறுமல் இல்லாமல் நேராகக் கடி விழும், நாமும் "திடீரென்று கடித்துவிட்டது" என்போம். உறுமினால் குழந்தையை விலக்குங்கள், நாயை அதன் போக்கில் போக விடுங்கள். விருந்தாளிகள் வரும் நாளில் ஓர் அறையை முன்கூட்டியே அதற்கென்று ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

சாப்பிடும்போது தட்டில் கை வைத்து நாயைச் சோதிக்கும் பழக்கமும் இதே வகைதான். யார் எஜமான் என்று காட்டுவதற்காகத் தட்டைப் பிடுங்கினால், மனிதக் கை வந்தால் சோறு போகும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். கடந்து போகும்போது தட்டில் இன்னொரு துண்டு போட்டுவிட்டுப் போங்கள். நாய் உங்களை அடக்கி ஆளப் பார்க்கிறது என்ற எண்ணமே பழைய ஓநாய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை அடைத்து வைத்துப் பார்த்த ஆய்வுகள் அவை. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம் என்று ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1999இல் எழுதினார். முன்பு அந்த அடக்கி ஆளும் எண்ணத்தைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்குவது, கழுத்தை இறுக்கும் சங்கிலி, மின்அதிர்ச்சிப் பட்டை இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து வந்து, தரையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு நாயின் மூக்கை அதில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் நடந்ததற்கு மாலையில் கொடுக்கும் தண்டனை நாய்க்குப் புரியாது. "தப்பு செய்தது அதன் முகத்திலேயே தெரிகிறதே" என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாய் தப்பு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், வளர்ப்பவர் திட்டும்போதுதான் அந்த முகம் அதிகம் வந்தது. அது நம் கோபத்தைப் பார்த்து வரும் பயம். அமோனியா கலந்த திரவத்தால் தரையைத் துடைக்காதீர்கள், அந்த வாசனை சிறுநீரைப் போலவே இருக்கும். சிறுநீர் வாசனையைப் போக்கும் என்சைம் உள்ள திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும்.

எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் நாய் கதவைப் பிறாண்டுகிறதா? பழி வாங்குகிறது என்று நினைக்காதீர்கள். ஒரு பழைய கைப்பேசியை வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் எச்சில் வடித்து, மூச்சிரைத்து, கதவையே சுற்றினால் அது தனிமைப் பயம். கூண்டில் பூட்டினால் பயம் முற்றி, கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் நாய்களும் உண்டு. துணைக்கு இன்னொரு நாய் வாங்கவும் வீவக வீட்டில் வழியில்லை, ஒன்றுக்குத்தான் அனுமதி. ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று நாய் பதறாத அளவுக்கு வெளியே போய் வந்து மெதுவாக நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. கடுமையாக இருந்தால் மருத்துவர் மருந்தும் கொடுப்பார்.

இடிக்கு நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. ஆண்டில் பாதி நாள் போல இடி இடிக்கும் ஊர் இது. தயங்காமல் பக்கத்தில் உட்காருங்கள். பாம் ஷெல்டர் (தடித்த சுவருள்ள பாதுகாப்பு அறை) உள்ள வீடாக இருந்தால் அதன் கதவைத் திறந்து வைத்து உள்ளே படுக்கையைப் போடுங்கள். கதவை மட்டும் சாத்தாதீர்கள்.

நாய்களைத் தத்துக்கொடுக்கும் அடோர் திட்டத்தில் சிங்கப்பூர் ஸ்பெஷலை, அதாவது உள்ளூர்க் கலப்பின நாயை, தத்தெடுப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையான வயதில்தான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்கிறது. அந்தக் காலத்தைத் தெருவிலும் காட்டோரத்திலும் கழித்த நாய்க்கு மின்தூக்கியே பூதம்தான். வந்த முதல் வாரமே அதைக் கூட்டமான காப்பிக்கடைப் பக்கம் இழுத்துப் போகாதீர்கள்.

மின்தூக்கியில் "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டு கயிற்றைத் தளர்த்துவதும் தவறு. நாயின் எச்சில் பட்டால் நம் புளோக்கில் இருக்கும் முஸ்லிம் சகோதரர்கள் பலரும் முறைப்படி கழுவ வேண்டியிருக்கும். நாய்க்குப் பயப்படும் பாட்டிகளும் இருக்கிறார்கள். மூலையில் நாயை உங்கள் காலுக்குப் பின்னால் நிறுத்துங்கள், அல்லது அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. நன்றாக இருந்த நாய் திடீரென்று சிடுசிடுத்தாலோ, தொட்டால் சீறினாலோ, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாலோ முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதுப் புண், மூட்டுவலி, பல்வலி, சிறுநீர்த் தொற்று எதுவாகவும் இருக்கலாம். பயிற்சியாளர் தேவை என்று மருத்துவர் சொன்னால், நாய் சொன்னதைச் செய்யாதபோது அவர் என்ன செய்வார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பதிலில் கழுத்துச் சங்கிலி வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.