டெலிட் செய்தால் ஃபைல் போய்விடுமா? டிஸ்க்கைக் கைமாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைலை டெலிட் செய்தாயிற்று, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று, டிஸ்க்கில் இடமும் கூடியிருக்கிறது. இதற்குமேல் என்ன இருக்கப்போகிறது என்று பழைய லேப்டாப்பை அப்படியே விற்றுவிடுகிறவர்கள் ஏராளம். வங்கி ஸ்டேட்மென்ட், அடையாள அட்டையின் ஸ்கேன், மருத்துவ ரிப்போர்ட், வீட்டுப் படங்கள் என்று எல்லாம் அதில் இருந்திருக்கும். வாங்கியவர் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டினால் அவற்றில் கணிசமான பகுதி திரும்ப வந்து நிற்கலாம்.

காரணம், டெலிட் என்ற கட்டளை ஃபைலின் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. ரீசைக்கிள் பின்னுக்குப் போகும் ஃபைல் வேறு பெயரில் ஒரு மறைவான ஃபோல்டருக்கு நகர்கிறது, அவ்வளவுதான். பின்னைக் காலி செய்யும்போதும், ஷிப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தும்போதும் மாறுவது, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவு மட்டும். ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்கப் பென் டிரைவ்களில் பரவலாக உள்ள எஃப்ஏடி32 முறையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு உண்டு. ஃபைலின் சுருக்கப் பெயர், அளவு, அது தொடங்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். டெலிட் செய்ததும் அந்தப் பெயரின் முதல் பைட்டில் ஈ5 என்ற ஹெக்ஸ் (பதினாறடிமான) எண் வந்து உட்கார்கிறது. ஃபைல் பிடித்திருந்த இடங்கள் 'காலி' என்று அட்டவணையில் குறிக்கப்படுகின்றன. பெயரின் மற்ற எழுத்துகளும் அளவும் அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள் காட்டும் பட்டியலில் சில பெயர்கள் முதல் எழுத்து மட்டும் விடுபட்டு வருவது இதனால்தான்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலும் கதை இதேதான்: ஃபைலுக்கான பதிவு 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படும், உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே கிடக்கும். அந்த இடத்தில் புதிய ஃபைல் ஏதாவது எழுதப்படும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. சில மணி நேரத்திலும் எழுதப்படலாம், சில ஆண்டுகள் தொடாமலும் இருக்கலாம்.

சரி, பதிவே முழுக்கப் போய்விட்டால்? அப்போதும் வழி இருக்கிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்கள் ஃபைல் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் டிஸ்க் முழுவதையும் படித்து, இப்படிப்பட்ட தொடக்கங்களைக் கண்டுபிடித்து ஃபைலை வெளியே எடுத்துவிடும்.

ஃபார்மட் செய்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பது

விண்டோஸில் ஃபார்மட் பெட்டியைத் திறந்தால் 'குயிக் ஃபார்மட்' ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறதே, ஒரு டெராபைட்டை அதற்குள் எப்படி அழித்திருக்க முடியும்? புதிதாக ஒரு வெற்று அட்டவணையை எழுதிவிட்டு அது நின்றுவிடுகிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். பல மணி நேரம் ஆகும். ஆனால் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தக் காத்திருப்பு வீண்போகாது.

இந்தத் தவறு எவ்வளவு பரவலானது என்பதை 2003இல் சைமன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவத் தகவல்கள், அந்தரங்கக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டது, கணக்கு எண்களோடு. இத்தனைக்கும் அவற்றில் பலவற்றை உரிமையாளர்கள் ஃபார்மட் செய்தோ டெலிட் செய்தோதான் கொடுத்திருந்தார்கள். கவனமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. தங்களுக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள்.

35 முறை அழித்தால்தான் போகும் என்று நம்புவது

1996இல் பீட்டர் குட்மன் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த எண் இது. அன்றைய டிஸ்க்குகள் தகவலைப் பதிந்துவைக்கும் முறைகள் பலவிதம். ஒவ்வொன்றின்மேலும் எழுதி அழிக்க ஏற்ற வடிவங்களைச் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 35 வந்தது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் அந்த 35ம் தேவையில்லை என்று குட்மனே பின்னாளில் எழுதினார். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு முறை முழுவதும் மேலே எழுதினால் போதும். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொன்னது. 35 சுற்று ஓடவிட்டு, பாதியில் அலுத்துப்போய் நிறுத்திவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் போல நடத்துவது

இன்று பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலைத் திறந்து அதன்மேல் பூஜ்யம் எழுதினால் அதே இடத்தில்தான் எழுதப்படும். ஃபிளாஷ் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபிளாஷ் சில்லின் ஒவ்வொரு பகுதியையும் இத்தனை முறைதான் எழுதி அழிக்க முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. ஒரே இடம் தேய்ந்துபோகாமல் இருக்க, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் எழுதப்படும் ஒவ்வொன்றையும் வேறு வேறு இடத்துக்கு அனுப்பும். நீங்கள் எழுதிய பூஜ்யங்கள் புதிய இடத்தில் போய் உட்காரும், பழைய டேட்டா பழைய இடத்திலேயே கிடக்கும். போதாததற்கு, விண்டோஸின் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் டிரைவுக்குள் உண்டு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011இல் இதைச் சில்லு மட்டத்தில் இறங்கிப் பார்த்தார்கள். தனித்தனி ஃபைலாக அழிக்கும் மென்பொருள் முறைகள் எதுவும் எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை. டிரைவுக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையும் எல்லா டிரைவிலும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒரு டிரைவ் 'அழித்தாயிற்று' என்று பதில் சொன்னது, உள்ளே டேட்டா முழுசாக இருந்தது!

2015இல் வந்த எல் கேப்பிட்டன் என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் ஆப்பிள் 'செக்யூர் எம்ப்டி ட்ராஷ்' வசதியையே எடுத்துவிட்டது. எஸ்எஸ்டியில் உறுதி தர முடியாத ஒரு வசதியை வைத்திருப்பதைவிட எடுத்துவிட்டது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. விண்டோஸ் 7 முதல், ஃபைலை டெலிட் செய்ததும் 'ட்ரிம்' என்ற கட்டளை எஸ்எஸ்டிக்குப் போகிறது: இந்த இடங்கள் இனி வேண்டாம், சௌகரியப்படும்போது துடைத்துக்கொள். அதன்பிறகு சாதாரண மீட்பு மென்பொருளுக்கு அந்த இடங்களில் பெரும்பாலும் பூஜ்யம்தான் தெரியும். ஆகவே தவறுதலாக டெலிட் செய்த படத்தை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது கஷ்டம். வேண்டுமென்றே அழித்தது உண்மையில் போய்விட்டதா என்று உறுதி சொல்வதும் கஷ்டம். யுஎஸ்பி வழியாக இணைத்த டிரைவுக்கு ட்ரிம் போய்ச் சேராமலும் இருக்கலாம்.

எஸ்எஸ்டியைக் கொடுக்கும் முன், தயாரித்த நிறுவனம் தரும் மென்பொருளில் இருக்கும் 'செக்யூர் எரேஸ்' அல்லது 'சானிடைஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள். சில கம்ப்யூட்டர்களில், கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பயாஸிலேயே இது இருக்கும். விண்டோஸை ரீசெட் செய்வதானால், எல்லாவற்றையும் நீக்கும்படி சொன்னால் மட்டும் போதாது. டேட்டாவைச் சுத்தம் செய்யும் 'க்ளீன் டேட்டா' தேர்வையும் ஆன் செய்ய வேண்டும். அது தானாக ஆன் ஆகியிருக்காது.

என்கிரிப்ஷனைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது

இவ்வளவு சிக்கலுக்கும் சுலபமான வழி, அழிப்பதைப் பற்றி டிஸ்க்கை வாங்கிய நாளிலேயே யோசிப்பது. முதல் ஃபைலை வைப்பதற்கு முன்பே விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் என்று ஏதாவது ஒன்றை ஆன் செய்துவிட்டால், டிஸ்க்கில் எழுதப்படுவது எல்லாமே குறியீடாகத்தான் இருக்கும். எந்த மூலையில் எது மிஞ்சிக் கிடந்தாலும் சாவி இல்லாமல் படிக்க முடியாது. பிறகு சாவியை அழித்தால் டிஸ்க்கையே அழித்த மாதிரி. ஐஃபோனில் 'எல்லாவற்றையும் அழி' என்றதும் சட்டென்று முடிந்துவிடுவது இதனால்தான். என்கிரிப்ஷன் ஆன் ஆகியுள்ள ஆண்ட்ராய்டு ஃபோன்களும் அப்படித்தான். ஆனால் ஃபோனுக்குள் இருக்கும் மெமரி கார்டை மறந்துவிடாதீர்கள், அதைத் தனியாகக் கழற்ற வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிட்லாக்கர் ஆரம்பத்தில் ஒரு கேள்வி கேட்கும்: பயன்படுத்திய இடத்தை மட்டும் என்கிரிப்ட் செய்யவா, டிரைவ் முழுவதையுமா? பல நாள் புழங்கிய டிஸ்க்கில் முதல் தேர்வை எடுத்தால், முன்பு டெலிட் செய்தவை கிடக்கும் 'காலி' இடம் என்கிரிப்ட் ஆகாமலேயே விடுபட்டுவிடும். நாம் பயப்படுவதே அவற்றுக்காகத்தானே. பழைய டிஸ்க் என்றால் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். அப்புறம், மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் பத்திரமாக வையுங்கள். அது தொலைந்தால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே கிடைக்காது.

ஒரு பிரதியை அழித்துவிட்டு மற்றவற்றை மறப்பது

ஒரு படத்தை அழித்தாலும் அதன் சிறுபடம் தம்ப்நெயில் கேஷில் இருக்கும். ஆவணத்தின் பகுதிகள் ஆட்டோசேவ் ஃபைலிலோ, விண்டோஸ் தானாக எழுதிவைக்கும் பேஜ்ஃபைலிலோ ஹைபர்னேஷன் ஃபைலிலோ இருக்கலாம். விண்டோஸின் ரீஸ்டோர் பாயிண்டில் பழைய பதிப்பு தங்கியிருக்கலாம். கூகுள் டிரைவின் டிராஷில் ஃபைல் 30 நாள் இருக்கும். மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் 'சென்ட்' ஃபோல்டரைப் பாருங்கள். ஒரு ஃபைலை மட்டும் குறிவைத்து அழிக்கும் மென்பொருள்களை நான் பெரிதாக நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தவறுதலாக அழித்த பிறகும் அதே டிஸ்க்கில் வேலையைத் தொடர்வது

வேண்டிய ஃபைல் போய்விட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவினால் அதுவே உங்கள் ஃபைலின்மேல் எழுதிவிடலாம். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும்.

செத்த டிஸ்க் என்று குப்பையில் போடுவது

கம்ப்யூட்டரில் தெரியாத டிஸ்க்கில் டேட்டா இல்லை என்று அர்த்தமில்லை. பழுதானது மின் பலகை மட்டுமாக இருக்கலாம்; தகவல் பதிந்திருக்கும் தட்டுகள் நன்றாகவே இருக்கக்கூடும். அதை மென்பொருளால் அழிக்கவும் முடியாது, எனவே உடைக்கத்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் தட்டுகள் எல்லாவற்றிலும் துளையிடுங்கள், அல்லது வளைத்து நொறுக்குங்கள். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, அதனால் கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு அவசியம். எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் காந்தம் எதுவும் செய்யாது, ஒரு துளையும் போதாது. உள்ளே எத்தனை நினைவகச் சில்லுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றும் உடைந்ததா என்று உறுதிசெய்த பிறகு மின்கழிவில் சேருங்கள்.